காய்க்காத மாமரம்

அந்த வீட்டை என் கணவர் வாங்கியது வாசலில் நின்ற மாமரத்துக்காகத்தான். கூரையில் ஒழுகல், சமையலறைத் தரையில் வெடிப்பு, சுவரில் பழைய வெள்ளம் விட்டுப்போன மண்கோடு, எதுவும் அவர் கண்ணில் படவில்லை. தரகர் கதவைத் திறப்பதற்கு முன்பே மரத்தடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாசல்ல மாமரம் நிக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். எனக்கு அப்போதே எரிச்சல். நான் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு சிகாமட்டில், ஆற்றுக்கு மிக அருகில் இருந்தது. வெள்ளம் வரும் இடம் என்பதால்தான் எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டியது. அதுவரை நாங்கள் பண்டார் தெங்காராவில் அடுக்குமாடியில் இருந்தோம். அவர் செம்பனை எண்ணெய் ஏற்றும் டாங்கி லோரி ஓட்டினார். ஆஸ்துமா முற்றிப்போய், இனி லோரி வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு வேலையை விட்டார். பக்கத்து வீட்டில் குப்பை எரித்தாலும் இழுப்பு வரும், சாம்பிராணி போட்டாலும் வரும். மருந்துக் குழாய் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். வேறு எதை மறந்தாலும் அதை மட்டும் இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் மூச்சு எனக்குக் கடிகாரச் சத்தம் மாதிரி பழகிப்போனது. சமையலறையில் நின்றாலும் சத்தம் மாறினால் எனக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கையுறையில் காற்றை ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று தேட வேண்டும். வருடக்கணக்காக அதையே செய்தவளுக்கு வீட்டுக்கு வந்ததும் கண் ஓய்ந்துவிடாது. சாம்பாரில் உப்பு, சட்டையில் கறை, பேச்சில் பொய், எல்லாம் கண்ணில் குத்தும். என் கணவரின் குடும்பத்தில் இதைப் பற்றிக் கேலி பேசாதவர்களே கிடையாது. நான் ஒன்றைச் சரியில்லை என்று சொன்னால், அது சரியாகத்தான் இருக்கும் என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

வீட்டைச் சுற்றி இன்னும் சில மரங்கள் இருந்தன. முன்பு இருந்தவர்கள் நட்டவையா, வெள்ளத்தில் வந்து முளைத்தவையா தெரியவில்லை. பெயர் சொல்ல ஆளில்லை. குடிவந்த புதிதில் மாலை நேரங்களில் நாங்கள் இருவரும் அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் பார்ப்போம். முதலில் இலை. அது எதிரும் புதிருமாக ஜோடி போட்டிருக்கிறதா, மாறிமாறி நிற்கிறதா, கசக்கினால் என்ன வாசனை என்று பார்ப்போம். பிறகு பட்டை. உரிகிறதா, வெடிக்கிறதா, நகத்தால் கீறினால் உள்ளே என்ன நிறம் என்று பார்ப்போம். பின்பக்கம் நின்ற ஒன்றை அவர் பலா என்றார். நான் இளங்கிளையைத் தடவிப் பார்த்தேன். பலாவின் கிளை வழவழப்பாக இருக்கும். இது விரலில் சுணை குத்தியது. பலாவுக்குச் சொந்தமான செம்பெடாக் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. காய் விட்டபோது ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வேலியோரம் நின்றதைக் கொய்யா என்றார். கொய்யாப் பட்டை ஏடு ஏடாக உரிந்து அடியில் பச்சையாகத் தெரியுமே, இது சொரசொரவென்று இருக்கிறதே என்று சொன்னேன். அது ஜம்பு, மணி வடிவில் சிவப்பாகக் காய்க்கும் மரம். அதிலும் அவர் தோற்றார். அந்த மாலைகள் நன்றாக இருந்தன. அவர் தோற்கும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

வாசல் மரத்தை மட்டும் நாங்கள் பார்க்கவேயில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது? தெரிந்தவரிடம் யாரும் அடையாளத்துக்கு ஐசி கேட்பதில்லை. நீண்ட இலை, கிளை நுனியில் கொத்துக் கொத்தாக. கொழுந்து செம்பு நிறத்தில் வந்து பிறகு பச்சையாகும். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் இலை பறித்துத் தோரணம் கட்டி வளர்ந்தவர்களுக்கு அது மாமரம் என்று சொல்ல யாரும் வேண்டியதில்லை.

ஆனால் அது காய்க்கவில்லை. தெருவில் மற்ற வீடுகளில் மாங்காய் தொங்கியபோது எங்கள் மரத்தில் பூவே இல்லை. பெக்கோக்கில் இருக்கும் என் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, வந்து பார்த்துவிட்டு, வெள்ளத்தில் வந்த கொட்டையாக இருக்கும், தாமதமாகத்தான் காய்க்கும், வீட்டில் முறையாக ஹோமம் நடக்கட்டும், தானாகப் பூக்கும் என்று சொன்னார். நாங்கள் பால் காய்ச்சிக் குடிவந்ததோடு சரி. தரை வேலையெல்லாம் முடிந்த பிறகு கிரகப்பிரவேசத்தைப் பெரிதாகச் செய்வதாக ஏற்பாடு. என் கணவரை எடுத்து வளர்த்தவர் நான் அண்ணி என்று கூப்பிடும் அவர்தான். சின்ன வயதிலேயே தாயில்லாமல் போன தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். அவர் சொன்னால் இவருக்கு அதற்கு மேல் பேச்சில்லை. நானும் அவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை.

மரத்தடியில் துணி காயப்போடுவதை நான் நிறுத்தியது எதையும் கண்டுபிடித்து அல்ல. மழைக்குப் பிறகு எடுத்தால் துணியில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி. எந்தச் சோப்புக்கும் போகவில்லை. இன்னொன்றும் உறுத்தியது. மாமரம் என்றால் சிவப்பு எறும்பு இலைகளை ஒட்டிக் கூடு கட்டும். எனக்குத் தெரிந்த மாமரம் எல்லாவற்றிலும் அந்தக் கடி வாங்கியிருக்கிறேன். இதில் கூடு ஒன்றுகூட இல்லை. நல்லதாகப் போயிற்று என்று அவர் சொன்னார்.

மழை ஓய்ந்திருந்த ஒரு வாரத்தில் அவர் ஏணி வைத்து, வாசலை மறைத்த கிளைகளை வெட்டினார். கிளைகளைச் சிறு குச்சிகளாக நறுக்கி வெயிலில் காயப்போட்டு, கயிற்றால் கட்டுக்கட்டாகக் கட்டினார். ஹோமத்துக்குச் சொந்த வீட்டு மாங்குச்சி என்று அவருக்கு ஒரே பெருமை. இரண்டு நாள் கழித்து முன்னங்கையிலும் கழுத்திலும் சிவந்து தடித்து, நீர் கோத்து, கொப்புளமாக எழும்பியது. இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். கிளினிக்கில் டாக்டர் எதைத் தொட்டீர்கள் என்று கேட்டார். மாமரம் வெட்டினேன் என்றார். டாக்டர் தலையை ஆட்டினார். மாம்பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, இப்படித்தான் கொப்புளம் வரும் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்.

எல்லாரும் அதையே சொன்னார்கள். மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பால் பட்டு உதடு வெந்துபோகாத பிள்ளை எங்களில் யார் இருக்கிறோம்? அது மாமரம் என்பதற்கு அந்தக் கொப்புளமே சாட்சியாகிவிட்டது. எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. என் உதடும் வெந்திருக்கிறது. ஆனால் மாம்பால் பட்டு ஒரு ஆளின் முன்னங்கை முழுக்கத் தோல் உரிந்து நான் பார்த்ததில்லை.

ஒரு விடுமுறை நாளில் அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது, தொழிற்சாலையில் கழித்துப்போட்ட கையுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, பழைய கத்தியால் அடிமரத்தில் ஒரு கீறல் போட்டேன். வெளிர் நிறத்தில் ஏதோ கசிந்தது. உள்ளே போய்த் துணி மடித்துவிட்டு வந்து பார்த்தபோது அது பழுப்பாகியிருந்தது. மதியச் சோறு வடித்துவிட்டு வந்தபோது கறுப்பாகியிருந்தது. அப்போதுதான் பட்டையை முழுதாக ஒருமுறை பார்த்தேன். பழைய காயம் பட்ட இடங்களிலெல்லாம் தார் ஒழுகி உறைந்த மாதிரி கறுப்புக் கோடுகள் இருந்தன. இத்தனை மாதம் அதைக் கடந்துதான் வீட்டுக்குள் போய்வந்திருக்கிறேன்.

கூட வேலை செய்யும் பெண்ணின் வீட்டு மாமரத்திலிருந்து சில இலைகளை வாங்கி வந்து, எங்கள் மரத்து இலையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாவிலையைக் கசக்கினால் பச்சை மாங்காய் வாசனை கையில் நிற்கும். எங்கள் இலையைக் கையுறையோடு கசக்கி, மூக்கருகே கொண்டுபோகப் பயந்து தள்ளிப் பிடித்து முகர்ந்தேன். மாங்காய் வாசனை இல்லை. மாவிலைக் காம்பு அடியில் சற்று உப்பி இருக்கும். இது இல்லை. மாவிலை நுனி கூராக முடியும். இது மழுங்கி இருந்தது. கைப்பேசியில் படம் எடுத்து, மரம் கண்டுபிடிக்கும் செயலியில் போட்டால் ஒருமுறை மாமரம் என்றது, இன்னொரு முறை தெரியவில்லை என்றது.

மரம் வளர்ப்பவர்களின் முகநூல் குழு ஒன்றில் படங்களைப் போட்டுக் கேட்டேன். அநேகமாக எல்லாரும் மாமரம் என்றார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் மலாயில் நீளமாக எழுதியிருந்தார். இது ரெங்காஸாக இருக்கலாம், ஆற்றோரத்தில் வளரும், மாமரத்துக்குச் சொந்தக்கார மரம், பால் விஷம், மழையில் இதன் கீழ் நிற்காதீர்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில், என்ன ஆனாலும் எரித்துவிடாதீர்கள், புகையோடு விஷம் நெஞ்சுக்குள் போகும் என்று இருந்தது. அந்த வரியை மறுபடி படித்தேன். பின்பக்கம் ஸ்டோரில் கட்டுக்கட்டாகக் குச்சி காய்ந்துகொண்டிருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த நெருப்புக்கு முன்னால் உட்காரப் போகிறவர் ஆஸ்துமாக்காரர்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். பிறகு, எத்தனை பேர் மாமரம் என்றார்கள், எத்தனை பேர் இல்லை என்றார்கள் என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப அந்த ஒருத்தி மட்டும் கரெக்டு, மத்தவங்கெல்லாம் முட்டாளா? உனக்கு எதைப் பாத்தாலும் ஓட்டைதான் தெரியும். நான் ஆசைப்பட்டு வாங்குன வீடுலா இது. இதையாச்சும் விட்டுடேன்."

அவர் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. செம்பெடாக்கையும் ஜம்புவையும் நான் ஜெயித்தபோது சிரித்தவர் இதில் தோற்க விரும்பவில்லை. எனக்கும் நிச்சயம் இல்லையே. கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். கடையில் விற்கும் ஹோமக்குச்சிப் பொட்டலத்தை நான் வாங்கி வந்தேன். மரத்துக் குச்சிகளைக் குப்பை லோரியில் போட்டுவிடுவதாக அவர் சொன்னார். போட்டுவிட்டேன் என்று பிறகு ஒருநாள் சொன்னார். நான் ஸ்டோரைத் திறந்து பார்க்கவில்லை. கட்டிய புருஷன் சொன்னதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று விடிவதற்கு முன்பே அண்ணி வந்துவிட்டார். நான் குளித்துச் சேலை கட்டி வெளியே வருவதற்குள் வாசலில் தோரணம் கட்டி முடித்திருந்தார். கை நிறைய, மடி நிறைய அந்த மரத்து இலைகள். முகத்தில் வியர்வையை அதே கையால் துடைத்துக்கொண்டு, "பாத்தியாம்மா, நம்ம வீட்டு மாவிலை" என்று சிரித்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் அண்ணி என்றேன். சாமி காரியம் செய்த கையை எதற்குக் கழுவ வேண்டும் என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

குருக்கள் செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, அக்கினி வளர்த்தார். என் பொட்டலத்துக் குச்சிகள் நன்றாகப் பிடித்து எரிந்தன. நானும் அவரும் தர்ப்பை மோதிரம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். புகை சுழன்று அவர் பக்கமே போனது. இரண்டு முறை இருமினார். சட்டை போடாத உடம்பில் பையில்லை என்பதால் மருந்துக் குழாயை என் மடியில் வைத்திருந்தேன். பாதி ஹோமத்தில் குச்சி தீர்ந்துபோனது. இன்னும் வேண்டும் என்று குருக்கள் கை நீட்டினார். இருங்க சாமி, வீட்டுலயே நெறைய இருக்கு என்று அண்ணியின் குரல் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கயிறு கட்டிய அந்தக் கட்டோடு வந்துகொண்டிருந்தார். என் கணவரைப் பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல் நெருப்பைப் பார்த்தார்.

குருக்கள் கட்டைப் பிரித்து முதல் குச்சிகளை நெய்யில் தொட்டு நெருப்பில் வைத்தார். வேண்டாம் என்று சொன்னேன். மந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, கேட்டவர்கள் கேட்காத மாதிரி இருந்தார்கள். குச்சியின் வெட்டிய முனையில் ஏதோ பொங்கி நுரைத்தது. அடர்த்தியாக ஒரு புகை எழுந்தது. என் கணவர் நெய்க் கரண்டியோடு முன்னால் குனிந்தார்.

நான் எழுந்து, பக்கத்தில் மாவிலையும் தேங்காயும் வைத்திருந்த கும்பத்தைத் தூக்கி, தேங்காயைத் தள்ளிவிட்டு, தண்ணீரை நெருப்பில் ஊற்றினேன்.

புதுவீட்டில் வளர்த்த அக்கினியை வீட்டுக்காரியே அணைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. குருக்கள் எழுந்து நின்றார். யாரோ ஒரு பெண், ஐயோ என்று மெதுவாகச் சொன்னார். என் கணவர் ஈரச் சாம்பலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் வாழையிலையில் போட்டதைத் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலம் வாங்காமலே போனார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவர் மூச்சைக் கவனித்தேன், சீராக இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டேதான் பாத்திரம் கழுவினேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணியை சிகாமட் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முகம் வீங்கிக் கண் இரண்டும் கோடாகிவிட்டன. கைகளில் கொப்புளம் உடைந்து, விரல் தெரியாமல் கட்டுப் போட்டிருந்தார்கள். இனியாவது புரியும் என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. கட்டிலருகே போனேன். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நெருப்ப அணைச்சது நீ. எரியறது நானு" என்றார்.

குருக்களின் மணிக்கட்டிலும் பொரிப்பொரியாக வந்திருந்ததாம். அவரும் அக்கினி தோஷம் என்றே சொல்லியிருந்தார். யாரும் அந்த இலையை நினைக்கவில்லை. நான் எதை அத்தாட்சி என்று நினைத்தேனோ அது என் மேலேயே பழியாக விழுந்தது. தோரணத்தை நான் கையுறை போட்டு அவிழ்த்துக் குழி தோண்டிப் புதைத்ததையும் தெருவில் பார்த்தவர்கள் பேசினார்கள். என் கணவர் வீட்டில் பேசுவதை நிறுத்திக்கொண்டார். சோறு போட்டால் சாப்பிடுவார். கேட்டால் தலையசைப்பார். சத்தம் போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அண்ணியை வீட்டுக்கு அனுப்பிய பிறகு வந்த ஞாயிறு காலை, பெக்கோக்குக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் காரை எடுத்தார். என்னைக் கூப்பிடவில்லை. வீட்டில் தனியாக இருக்க முடியாமல், மரத்து இலை ஒன்றை நெகிழிப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வெளியே ஆற்றோரம் இருக்கும் பழைய பூங்காவுக்குப் போனேன். அங்கே மரங்களுக்குப் பெயர்ப்பலகை இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பலகைகளில் பாதி உடைந்து கிடந்தன. தண்ணீர் ஓரமாகவே நடந்தேன். ஒரு வளைவில், கம்பி வேலி கட்டி நிறுத்தியிருந்த மரத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அதே மழுங்கிய இலை, கிளை நுனியில் அதே கொத்து. அடிமரத்தில் அதே கறுப்புக் கோடுகள். ரெங்காஸ் என்று எழுதி, அதன் கீழே தொடாதீர்கள் என்று மலாயில் சிவப்பு எழுத்து. பையிலிருந்த இலையை உயர்த்தி மேலே இருந்த இலைகளோடு சேர்த்துப் பார்த்தேன். அடிமுதல் நுனிவரை ஒன்றே. நான் அழுதேன். துக்கமா நிம்மதியா என்று எனக்கே தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் இனி இது என் சந்தேகம் மட்டும் இல்லை.

பலகையைப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் வந்ததும் காட்ட வேண்டும், சண்டைக்குப் பயந்து நான் தொடாமல் விட்டிருந்த மீதிக் குச்சிகளை இன்றே புதைத்துவிட வேண்டும் என்று கையுறையைத் தேடிக்கொண்டே ஸ்டோரைத் திறந்தேன். ஒரு கட்டுகூட இல்லை. சிமெண்டுத் தரையில் அவை இருந்த இடத்தில் கறுப்பாகக் கறை மட்டும் இருந்தது. சாமி மேடையில் நெய்ப் புட்டியும் இல்லை. அக்காவைப் பார்க்கப் போகிறவர் எதற்கு நெய் எடுத்துப் போகிறார் என்று ஒரு கணம் நின்று யோசித்தேன். பிறகு எல்லாம் விளங்கியது. நின்றுபோன ஹோமத்துக்குப் பரிகாரம். நான் இல்லாத இடத்தில்.

அவருக்குப் போன் அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். பிறகு அண்ணிக்கு அடித்தேன். கையில் கட்டு என்பதால் அவர் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எடுத்ததுமே பின்னால் மந்திரம் கேட்டது.

"அண்ணி, ஹோமம் ஆரம்பிச்சாச்சா?"

"இப்பத்தான் நெருப்பு வச்சாங்க. நான் ரூம்புல படுத்திருக்கேன். நீ இதுல தலையிடாத."

"குச்சி நம்ம வீட்டுக் கட்டுதானே? அது மாமரம் இல்ல அண்ணி. பேரு எழுதி வச்ச மரத்தப் பாத்துட்டு இப்பத்தான் வர்றேன். அது விஷமரம். உங்க கைக்கு வெளிய ஆனது, அந்தப் புகை போனா அவருக்கு நெஞ்சுக்குள்ள ஆகும்."

மந்திரத்துக்கு நடுவே ஒரு இருமல் கேட்டது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்த இருமலுக்குப் பிறகு மூச்சு எப்படி இழுக்கும் என்பதும் தெரியும். இன்னொரு இருமல். அது நிற்கவில்லை. நான் அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். கையில் கைப்பேசியோடு ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், அதைத் தவிர என்னால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

"ஆஸ்பத்திரியில டாக்டரும் கேட்டாரு, என்ன மரத்தத் தொட்டீங்கன்னு" என்றார் அண்ணி. குரல் கம்மியிருந்தது. "மரமெல்லாம் ஒண்ணும் தொடல, வீட்டு மாவிலைதான் பறிச்சேன்னு சொன்னேன்."

பிறகு கட்டில் கிரீச்சிட்டது. காலடிச் சத்தம் கைப்பேசியை விட்டு விலகிப் போனது. மந்திரம் சட்டென்று நின்றது. பித்தளைப் பானை ஒன்று உருண்டு விழுந்தது, தண்ணீர் சீறியது, பல குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. அவற்றுக்குள் நான் அவர் மூச்சைத் தேடினேன். கிடைக்கவில்லை. அண்ணீ, அண்ணீ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

வெகுநேரம் கழித்து அண்ணி திரும்பி வந்தார்.

"தம்பிய வெளிய காத்துல உக்கார வச்சிருக்கு. மருந்து அடிச்சிட்டான். மூச்சு விடறான்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்றார். பிறகு அவரே சொன்னார்:

"கையால பானையத் தூக்க முடியல. அத அக்கினியில காலாலதான் எத்தித் தள்ளுனேன். இனிமே நான் யாரு மேல பழியப் போடுவேன், சொல்லு."